எச்சில் இலை சொல்லும் பெட்ரோல் கணக்கு

கல்யாணப் பந்தியில் ஒரு தடவையாவது சாம்பார் வாளி தூக்கியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

கோவையில் நண்பர் ஒருவர் பழைய மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறார். 1298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. இதே எஞ்சின் ஜிப்ஸியிலும் இருந்ததால் ராலி ஓட்டுகிறவர்களிடம் அதற்கு இன்னும் மவுசு உண்டு. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே நண்பர் அதைப் பிரித்து மேய்ந்தார். கேம்ஷாஃப்டை மாற்றினார். ஹெட்டில் காற்று போகும் துவாரங்களைத் தேய்த்து அகலப்படுத்தினார். புகை வெளியேறும் பக்கம் நீளக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய ஹெடர் போட்டார். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால், வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. ஐடிலில் நிற்கவில்லை. பின்னால் போய் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை கண்ணைக் கரித்தது. 3000 ஆர்பிஎம்மில் ஏறி மிதித்தால் ஒரு நொடி மூச்சை அடக்கிவிட்டுத்தான் கிளம்பியது.

"காத்து ஜாஸ்தி போகுது, பெட்ரோல் பத்தலை" என்று நண்பர் தீர்ப்புச் சொன்னார். பாதி சரி. அந்த எஞ்சினுக்குச் சில இடங்களில் பெட்ரோல் போதவில்லை, சில இடங்களில் இலை தாண்டி வழிந்தது. வண்டிக்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற கணினியான ஈசியூ இன்னமும் பழைய மண்டபத்துக்கே சமைத்துக்கொண்டிருந்தது.

சிலிண்டரை ஒரு சாப்பாட்டுக் கூடம் என்று வைத்துக்கொள்வோம். வாசல் திறந்தால் ஆட்கள் உள்ளே வந்து இலை முன்னால் உட்காருகிறார்கள். அவர்கள்தான் காற்று. உட்காரும் ஒவ்வொருவர் இலையிலும் சோறு தானாக விழுந்துவிடும். காற்றோடு ஆக்சிஜன் வருவதுபோல. சாம்பார்தான் பெட்ரோல். அதை ஊற்றுகிறவர் இன்ஜெக்டர். எவ்வளவு ஊற்றுவது என்று அவர் காதில் சொல்கிற பந்தி மேற்பார்வையாளர், ஈசியூ. சாப்பிட்டு முடிப்பது எரிதல். பிறகு பின்வாசல் வழியாகக் கைகழுவப் போகிறார்கள். அது சைலன்சர் பக்கம்.

இதில் ஓட்டுநரின் வேலை என்ன? ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெட்ரோல் எஞ்சினில் அந்தப் பெடல் திறப்பது மண்டபத்து வெளிவாசலை, அதாவது த்ராட்டிலை. கூட்டம் எவ்வளவு வரலாம் என்பது மட்டுமே ஓட்டுநர் கையில். வந்த தலைகளை எண்ணி அதற்கேற்பச் சாம்பார் ஊற்றுவது ஈசியூவின் பாடு.

எண்ண நேரம் இருக்கிறதா என்றால், 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரில் நொடிக்கு 50 பந்தி. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 200. ஒரு பந்தி தொடங்கி முடிய 20 மில்லிநொடி. நம் ஊர்க் கல்யாணங்களில் அடுத்த பந்திக்கு நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்கூட இவ்வளவு அவசரப்படுவதில்லை.

இந்த வேகத்தில் தலை எண்ண மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வெளிவாசலிலேயே ஆள் நிறுத்தி உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பது. இரண்டாவது, வெளிவாசல் எவ்வளவு திறந்திருக்கிறது, பந்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்து உத்தேசமாகச் சொல்வது. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்த பந்தய எஞ்சின்களில் இதைப் பார்க்கலாம். மூன்றாவது வழி, சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் உள்ள தாழ்வாரத்தில், அதாவது இன்டேக் மேனிஃபோல்டில், கூட்டம் எவ்வளவு நெருக்கியடிக்கிறது என்று அழுத்தத்தை அளந்து, உள்ளே எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கணக்குப் போடுவது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் டைப் 3 காரில் வந்த போஷ் டி-ஜெட்ரானிக் இந்த மூன்றாவது வழியில்தான் இயங்கியது. பெயரில் இருக்கும் 'டி', அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. நண்பரின் எஸ்டீமில் பழைய ஈசியூவைக் கழற்றிவிட்டு மாட்டிய, நாமே எண்களைத் திருத்தக்கூடிய ஈசியூவும் அதே வழிதான்.

இங்கே ஒரு சிக்கல். தாழ்வாரத்து நெருக்கடி தெரிந்துவிட்டால் உள்ளே உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடுமா? தெரியாது. 100 இலை போட்ட கூடத்தில் வாசல் மூடுவதற்குள் 80 பேர்தான் உட்கார முடியலாம். சில வேகங்களில் 95. வாசலின் அகலம், அது திறந்திருக்கும் நேரம், பின்வாசல் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. நூற்றுக்கு எத்தனை இலை நிரம்புகிறது என்கிற அந்த எண்ணை வேகவாரியாக, அழுத்தவாரியாக எழுதிவைத்த நோட்டுதான் மேப். ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். 16க்கு 16 என்றால் 256 கட்டங்கள். டியூனிங் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த 256 கட்டங்களைச் சரிபார்த்து எழுதுகிற கணக்குப்பிள்ளை வேலை. சினிமாவில் காட்டுகிற மாதிரி நெருப்பு கக்குகிற காட்சி இதில் கிடையாது.

கேம்ஷாஃப்ட் மாற்றினால் என்ன ஆகிறது என்பது இப்போது விளங்கும். பந்தய கேம் கூடத்தின் முன்வாசலையும் பின்வாசலையும், அதாவது காற்றை உள்ளே விடும் வால்வையும் புகையை வெளியே விடும் வால்வையும், அதிக நேரம் திறந்து வைக்கும். நடுவில் சிறிது நேரம் இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கும். பந்தி வேகமாக ஓடும்போது இது பெரிய வரம். சாப்பிட்டு முடித்தவர்கள் விறுவிறுவென்று வெளியேறும் இழுப்பிலேயே புதிய ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் ஐடிலில் பந்தி ஆமை வேகம். இரண்டு வாசலும் திறந்துகிடக்க, வெளியே போகிற அவசரம் யாருக்கும் இல்லை. கைகழுவப் போனவர்களே திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். எரிந்த புகை சிலிண்டருக்குள்ளும் மேனிஃபோல்டுக்குள்ளும் திரும்பி நுழைகிறது. தாழ்வாரத்தில் நெருக்கடி கூடுகிறது. நிறுவனக் கேமில் ஐடிலின்போது 30, 35 கிலோபாஸ்கல் காட்டிய சென்சார், இப்போது 50க்கு மேல் காட்டி அங்குமிங்கும் ஆடுகிறது. பழைய நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற மேற்பார்வையாளர் என்ன செய்வார்? கூட்டம் கூடிவிட்டது என்று வாளியைக் கவிழ்ப்பார். உட்கார்ந்திருப்பதில் பாதிப்பேர் முந்தின பந்தியிலேயே சாப்பிட்டவர்கள். பச்சைப் பெட்ரோல் வாடை வந்த வழி இதுதான்.

ஒரு சொட்டைவிடக் குறைவாக

அளவைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 325 சிசி. முழுவதும் நிரம்பினால் உள்ளே வரும் காற்று சுமார் 0.39 கிராம். பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல், எடைக் கணக்கில். அப்படியானால் ஒரு பந்திக்குத் தேவை 0.036 சிசி. மருந்துச் சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீரே 0.05 சிசி இருக்கும். நொடிக்கு 50 தடவை, ஒரு சொட்டைவிடக் குறைவாக, பிசகாமல் ஊற்ற வேண்டும்.

இதற்குக் கரண்டி உதவாது. இன்ஜெக்டர் ஒரு குழாய். பின்னால் ஒரே அழுத்தத்தில் பெட்ரோல் காத்திருக்கும். மின்காந்தம் ஊசியை மயிரிழை தூக்கினால் பாயும், விட்டால் நிற்கும். எவ்வளவு ஊற்றினோம் என்பது எவ்வளவு நேரம் திறந்துவைத்தோம் என்பதுதான். நிமிடத்துக்கு 180 சிசி பாயும் இன்ஜெக்டர் என்றால் மில்லிநொடிக்கு 0.003 சிசி.

முழு மிதியில் கலவையை வேண்டுமென்றே சற்றுத் தளர வைப்பார்கள். காற்றுக்குத் தேவையான பெட்ரோலைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதல். காரணம் இரண்டு. கூட்ட நெரிசலில் எல்லா இலைக்கும் சாம்பார் ஒரே சீராகப் போய்ச் சேராது. கொஞ்சம் தாராளமாக ஊற்றினால்தான் ஒருவர் சோறும் வீணாகாது. இரண்டாவது, ஆவியாகும் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கிறது. முழு மிதியில் வறட்சியாக விட்டால், கலவை, தீப்பொறியிலிருந்து தீ பரவி வருவதற்குள் தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியால் அடிப்பதுபோல் அடிக்கும். அதை 'நாக்' என்பார்கள். காதுக்கு டின்னில் சரளைக்கல் குலுக்குவதுபோலக் கேட்கும். கொஞ்சநேரம் கேட்டும் கேட்காததுபோல் இருந்தால், பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும்.

ஆக, முழு மிதியில் ஒரு பந்திக்குச் சுமார் 0.041 சிசி, இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் 13.7 மில்லிநொடி. சொன்னவுடன் ஊசி எழும்பிவிடாது. அதற்கே ஏறக்குறைய ஒரு மில்லிநொடி போகும். பேட்டரி வோல்ட் இறங்கினால் இன்னும் அதிகம். அதையும் கூட்டினால் 14.7. நண்பர் ஆசைப்பட்ட 7000 ஆர்பிஎம்மில் ஒரு பந்தியின் மொத்த நேரமே 17.1 மில்லிநொடிதான். குழாய் 86 சதவீத நேரம் திறந்தே கிடக்கிறது. 80, 85க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பட்டறை வழக்கம். இன்று பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலோ நீர்த்த சாம்பார் மாதிரி, 14.7 என்ற விகிதமே சுமார் 13.5க்கு இறங்கிவிடும். அதே காற்றுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். கணக்கு 90ஐத் தாண்டுகிறது. மேப்பில் எந்த எண்ணைத் தட்டினாலும் குழாய் பெரிதாகாது. இதற்கு மருந்து பெரிய இன்ஜெக்டர்தான். வாங்கி மாட்டிய பிறகு அதன் அளவையும் ஊசி எழும்பும் தாமதத்தையும் ஈசியூவுக்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இதில் பொய் சொல்லிவிட்டு மேப்பைத் திருத்த உட்காருகிறவர்கள், படியே தப்பாக இருக்கும்போது அரிசியைத் திரும்பத் திரும்ப அளக்கிறவர்கள்.

இலை எடுக்கிறவர் சொன்னது

சாம்பார் சரியாகப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பந்தி நடக்கும்போது எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இலை எடுக்கிற இடத்தில் ஒருவரை நிறுத்தலாம். இலையில் வெறும் வெள்ளைச்சோறு மிஞ்சியிருந்தால் சாம்பார் போதவில்லை. சோறே மிஞ்சவில்லை என்றால் சரியாகவோ கூடுதலாகவோ போயிருக்கிறது. சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் லாம்டா சென்சார் பார்ப்பது இந்த மிச்சச் சோற்றை, அதாவது எரியாமல் தப்பிய ஆக்சிஜனை. 1976இல் வால்வோ காரில் கலிஃபோர்னியாவில் முதன்முதலாக வந்த சென்சார் 'போதவில்லை', 'கூடிவிட்டது' என்ற இரண்டு வார்த்தைதான் பேசும். டியூனிங்குக்கு வேண்டியது, எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும் வைட்பேண்ட் வகை. 1.00 என்றால் சரி. 1.08 என்றால் காற்று எட்டு சதவீதம் கூடுதல். 0.87 என்றால் பெட்ரோல் தாராளம். எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் 1.00 என்பது 1.00தான் என்பது இதில் உள்ள வசதி.

நோட்டுத் திருத்துவது இப்போது கூட்டல் கழித்தல் மாதிரி எளிது. 2500 ஆர்பிஎம், 50 கிலோபாஸ்கல் கட்டத்தில் 62 என்று எழுதியிருக்கிறது. 1.00 எதிர்பார்த்தோம், 1.08 வந்தது. 62ஐ 1.08ஆல் பெருக்கி 67 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

எளிது என்றேனே தவிர, இலை எடுப்பவர் மூன்று விஷயங்களில் ஏமாற்றுவார். அவர் சொல்வது இப்போதைய பந்தியைப் பற்றி இல்லை. சில பந்திகளுக்கு முந்தைய கதை. அதனால் வேகத்தை ஒரே இடத்தில் நிலையாகப் பிடித்துவைத்துத்தான் படிக்க வேண்டும். ஹெடரில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, யாருமே பரிமாறாத சோறும் கணக்கில் ஏறிவிடும்.

மூன்றாவதுதான் நண்பரைக் கவிழ்த்தது. ஐடிலில் சென்சார் 1.15, 1.2 என்று காட்டியது. போதவில்லை என்று அவர் பெட்ரோலை ஏற்றினார். எண் இறங்கவில்லை. இன்னும் ஏற்றினார். நடுக்கமும் வாடையும் கூடியதுதான் மிச்சம். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டிருந்த டியூனர் தம்பி சிரித்தார்.

"இலையை மட்டும் பாத்து மோசம் போயிட்டீங்ணா. இங்க ஒரு வரிசை சாப்புடாமயே எந்திரிச்சுப் போகுது. பிளக்கைக் கழட்டிப் பாருங்."

கழற்றினோம். மூன்றாவது சிலிண்டர் பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்திருந்தது. அளவுக்கு மீறி ஊற்றியதால் அங்கே தீயே பிடிக்கவில்லை. எரியாத கலவையில் பெட்ரோலும் இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது. சென்சாரின் கண்ணுக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும். சாம்பாரில் மிதக்கும் இலையைப் பார்த்துவிட்டு "சோறு மிஞ்சிருச்சு, சாம்பார் போடுங்க" என்று அது கூவிக்கொண்டிருந்தது. பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க, எண்ணும் இறங்கியது, எஞ்சினும் அடங்கியது. ஐடில் வேகத்தைத் தம்பி 850இலிருந்து 1000க்கு மேல் தூக்கிவைத்தார். அந்தக் கேமுக்கு அதற்குக் கீழே நிம்மதி கிடையாது.

வேலை செய்த வரிசையையும் சொல்லிவிடுகிறேன். இதில்தான் அவசரக்காரர்கள் கெட்டுப்போகிறார்கள். முதலில் அடிப்படை எண்கள். பிறகு, ஈசியூ சொல்லும் இடத்தில்தான் உண்மையாகவே தீப்பொறி விழுகிறதா என்று டைமிங் லைட் அடித்துப் பார்ப்பது. பிறகு ஐடில். பிறகு நிதானமாக ஓட்டும்போது எஞ்சின் புழங்குகிற நடுக்கட்டங்கள். அப்போது ஈசியூ தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட வேண்டும். பின்னால் நின்று ஒருவர் ரகசியமாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தால் நோட்டில் தப்பு எங்கே என்று தெரியாது. முழு மிதிக் கட்டங்கள் கடைசியில்தான், அதுவும் எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ உருளைமேல் வண்டியைக் கட்டிவைத்து. எல்லாரும் பெருமையடித்துக்கொள்ளும் குதிரைத்திறன் எண் வருவது இந்தக் கடைசி வரிசையின் பத்துப் பதினைந்து கட்டங்களில். வண்டி வாழ்வதோ மற்ற கட்டங்களில். விலைக்கு வாங்கிவந்த 'ஸ்டேஜ் 1' மேப்பை ஏற்றிவிட்டு மைலேஜும் இல்லை, இழுப்பும் இல்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அது வேறு யாரோ வீட்டுக் கல்யாண நோட்டு. காற்று வெப்ப சென்சாரின் வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி "பவர் கிட்" என்று விற்பது இன்னும் மோசம். காற்று குளிர்ந்திருக்கிறது, ஆகவே அடர்த்தி அதிகம் என்று மேற்பார்வையாளரிடம் பொய் சொல்லி எல்லாக் கட்டத்திலும் கூடுதலாக ஊற்ற வைக்கிற தந்திரம் அது.

கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மேலே 2240 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தமே 77 கிலோபாஸ்கல் அளவில்தான். மண்டபத்தைத் தேடி வருகிற கூட்டமே குறைவு. முழுதாக மிதித்தாலும் எஞ்சின் மேப்பின் உச்ச வரிசைக்குப் போகாது. இடையில் உள்ள ஒரு வரிசையிலேயே நின்றுவிடும். அந்த வரிசையைச் சும்மா உத்தேசமாக நிரப்பியிருந்தால் குன்னூர் தாண்டியதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தீப்பொறி விழும் நேரத்துக்கும் இதேபோல் ஒரு மேப் உண்டு. அது தாளிப்பு மாதிரி. எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போட்டால் ஒரு வினை, காய்ந்து புகைந்தபின் போட்டால் வேறு வினை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

தோசைக்கல் குடிக்கிற எண்ணெய்

நிலையாக ஓடும்போது எல்லாம் சரியாகிவிட்டது. சட்டென்று மிதித்தால் மட்டும் அந்த ஒரு நொடி மூச்சடைப்பு போகவில்லை. இதற்குப் பந்தியை விட்டுவிட்டு அடுப்படிக்கு வர வேண்டும்.

காய்ந்த தோசைக்கல்லில் முதல் தோசைக்கு ஊற்றும் எண்ணெயில் ஒரு பங்கைக் கல் குடித்துவிடும். கல் பழகியபின் ஊற்றுவது தோசைக்குப் போகும். இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் முழுவதும் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. ஒரு பங்கு துவாரத்தின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாகப் படிந்து, அங்கிருந்து மெல்ல ஆவியாகி உள்ளே போகும். ஒரே சீராக ஓட்டும்போது படிவதும் ஆவியாவதும் சமம். கணக்கில் துண்டு விழாது. திடீரென்று த்ராட்டிலைத் திறந்தால் காற்று அந்தக் கணமே பாய்ந்து வருகிறது, மேனிஃபோல்டு அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறினால் பெட்ரோல் ஆவியாவது குறைகிறது. சுவர் முதலில் தன் பங்கைக் குடித்துக்கொள்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சில பந்திக்குச் சாம்பார் வராது. அந்தக் கடனை அடைக்க, த்ராட்டில் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சற்று நேரத்துக்கு மட்டும் கூடுதலாக ஊற்றச் சொல்ல வேண்டும்.

நண்பர் துவாரங்களை அகலப்படுத்தியிருந்தார் அல்லவா? சுவர்ப்பரப்பு கூடியது, குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமானது. கல் பெரிதாகிவிட்டது, எண்ணெயோ பழைய அளவு. தம்பி மிதிக்கச் சொல்வார், விடச் சொல்வார், திரையைப் பார்ப்பார், ஓர் எண்ணைக் கூட்டுவார். கூட்டியது அதிகமாகப் போனாலும் வண்டி அதே மாதிரிதான் திணறும். வறட்சியால் திணறுகிறதா, வெள்ளத்தால் திணறுகிறதா என்று காதால் பிரித்தறிய எனக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் திரையைப் பார்க்காமலேயே சொன்னார். நாற்பது நிமிடத்தில் மூச்சடைப்பு நின்றது.

நண்பர் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போகத் துடித்தார். பதிவு செய்த வண்டியின் அமைப்பை மாற்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதற்காகத்தான் அவர் அதை ட்ரெயிலரில் ஏற்றி வந்திருந்தார். ஆசையை அடக்கிக்கொண்டார்.

பாக்கி இருந்தது ஒரே வேலை. கல் காயாத காலை நேரத்து முதல் தோசை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; ஊற்றுவதில் பெரும்பங்கு சுவரோடு போய்விடும். அதனால் ஸ்டார்ட் ஆகும்போதும், ஆனபின் சூடேறும் வரையிலும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்துக் கூடுதலாக ஊற்றி, ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதைத் திருத்துவதில் உள்ள தொல்லை, ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிடும். மறுபடி முழுதாகக் குளிர ஓர் இரவு வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

தம்பி மடிக்கணினியை மூடினார். பானெட்டைச் சாத்தினார். சாவியை நண்பரிடம் தரவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி ராத்திரி இங்கியே நிக்கட்டுமுங்ணா. காலையில ஆறு மணிக்கு வாங்க. அதுக்குள்ள யாரும் கையை வச்சுப்போடாதீங்."